இருபத்திரண்டு டாலர்

அப்பா என்னைச் சார்ந்தவர் என்பதை
ராணுவம் நம்ப மறுத்த கடிதம்
ஜனவரியில் வந்தது.
வெளியே மைனஸ் நாற்பது.
ஃபாரன்ஹீட்டும் செல்சியஸும்
ஒத்துப்போகிற ஒரே குளிர்.

காரணம் கணக்காக இருந்தது.
விசென்டே கிடுகுவாவின் மாதச் செலவு
இரண்டாயிரத்து நூற்று எண்பது.
அதில் பாதி, ஆயிரத்துத் தொண்ணூறு.
அவருக்கு வரும் ஊனமுற்றோர் உதவித்தொகையோ
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
ஆகவே, பாதிக்கு மேல்
இருபத்திரண்டு டாலர் அளவுக்கு
அவர் தன் காலில் நிற்கிறார்.

தன் காலில்.
வலது கால் முழங்காலுக்குக் கீழே
குவாமிலேயே போய்விட்டது, சர்க்கரைக்கு.

நான் சார்ஜென்ட் ஜோவிட்டா.
லாரி எஞ்சின் இறக்குவேன், ஏற்றுவேன்.
ஒரு போல்ட் தளர்ந்தாலும் காதுக்குத் தெரியும்.
இந்தக் கணக்கில் எது கழன்றதென்று
தெரியவில்லை.

படிவத்தை நிரப்பும்போது
சமையலறை மேஜையில் இருவரும்தான் உட்கார்ந்தோம்.
நான் வாசிக்க அவர் பதில் சொன்னார்.
துணிமணி? என்னத்துக்கு என்றார்.
போக்குவரத்து? நான் எங்கே போகிறேன் என்றார்.
மருந்து? கொஞ்சம்.
எழுதிக்கொண்டேன்.

சம்பளப் பிரிவு வோஸ்பர்க் அம்மாள்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னாள்:
"உன் அப்பா ரொம்பச் சிக்கனம், கண்ணு.
இன்னும் கொஞ்சம் செலவு வைத்திருந்தால்
உன் கணக்கில் வந்திருப்பார்."

அன்றைக்கு மத்தியானம்
சொல்லாமல் வீட்டுக்குப் போனேன்.
உள்ளேயும் மூச்சு புகைந்தது.
நாற்பத்தைந்தில் கிடந்தது ஹீட்டர்.
என் பழைய பட்டாளக் கோட்டைப் போர்த்திக்கொண்டு
சக்கர நாற்காலியில் அப்பா.
டிவி ஓடியது, சத்தமில்லாமல்.
சத்தத்துக்கும் காசு என்று நினைத்தாரோ என்னவோ.
நான் கிளம்பியதும் சூட்டைக் குறைப்பாராம்,
நான் வர இரண்டு மணிநேரம் இருக்கையில் ஏற்றுவாராம்.
மேஜையில், சவர பிளேடால்
பாதி பாதியாக நறுக்கிய மாத்திரைகள்.
வாரத்துக்கு ஒரே ஊசி.

எனக்கு வார்த்தை வரவில்லை.
இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர்
குனிந்து நாற்காலியின் பிரேக்கைப் போட்டார்,
எடுத்தார், மறுபடி போட்டார்.
"எண்ணெய் விக்கிற விலையில
உனக்கு எதுக்குப் பாரம்."

பாரமாத்தான் இருக்கணும்பா.
எடை போதலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

சிரித்தார்.
சிரிப்பு நின்றபின் வெகுநேரம்
ஜன்னலில் படிந்த பனியை நகத்தால் சுரண்டினார்.
அரை ஆள் என்று அங்கே யாரோ சொன்னது
பொறுக்காமல்தான் விமானம் ஏறினார்.
இங்கே மகளே கேட்கிறாள்,
பாதிக்கும் கீழே இறங்கு என்று.

கடைசியில் சொன்னார்:
"அப்போ எனக்கு ஒரு பூட்ஸ் வாங்கு.
பனிக்கு. நல்லதா."

ஒற்றைக் காலுக்கு எவனும் விற்பதில்லை.
ஜோடி நூற்று அறுபத்தெட்டு.
பன்னிரண்டால் வகுத்தால் மாதம் பதினான்கு டாலர்.
மாத்திரை முழுசு. ஊசி தினம் புதுசு.
ஹீட்டர், நாள் முழுக்க அறுபத்தெட்டில்.
மார்ச் முதல் வாரம்
ரசீதுகளைப் பின் அடித்து
டாக்டர் கையெழுத்தோடு மறுபடி அனுப்பினேன்.

பதில் இன்னும் இல்லை.
பனி உருகித் தெருவெல்லாம் சேறு.
இடது பூட்ஸின் அடியில் சரளைப் பொடி;
தபால் பெட்டிவரை போய்வருகிறார் போல.
வலது பூட்ஸ், கடையில் திணித்த காகிதத்தோடு
என் பட்டாள பூட்ஸுக்குப் பக்கத்தில்
சுவரைச் சார்ந்து நிற்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் அதற்குள் கையைவிட்டால்
காகிதத்துக்கு நடுவே
நாலாய் மடித்த பத்து டாலர் தட்டுப்படும்.
பெட்ரோலுக்கு.
எடுத்துக்கொள்வேன்.
படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் உண்டு.
நிரப்பவில்லை.